முதலில் வந்தவருக்கே தண்ணீர்

போன குளிர்காலத்தில் எங்கள் ஓடையில் ஒரு மாடு செத்து மிதந்து வந்தது. யார் வீட்டு மாடு என்று கேட்டால் பள்ளத்தாக்கே வானத்தைப் பார்த்தது. காற்று, நன்னீர், நிலம் மூன்றையும் காக்கிறோம் என்று வட்டாரக் கவுன்சில்காரர்கள் தங்கள் வண்டிக் கதவிலேயே எழுதி வைத்திருக்கிறார்களே, அதை நம்பி நான் ஃபோன் போட்டேன். தண்ணீர்ப் பிரிவிலிருந்து ஜிலியன் வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் மாடு பாதி கரை ஒதுங்கிவிட்டது. தண்ணீரில் கிடக்கிற பாதிக்குத்தான் தன் பிரிவு பொறுப்பு என்று அவள் கையை விரித்தாள். மறுநாள் நிலப் பிரிவு ஆள் வந்து மணலில் கிடக்கிற பாதியைப் படம் எடுத்துக்கொண்டு போனான். அதற்கும் மறுநாள் நாற்றம் குடலைப் பிடுங்கியது. மறுபடி கூப்பிட்டேன். காற்றுப் பிரிவு ஆள் வந்தான். வேலியோரம் நின்று, நாற்றம் பக்கத்து நிலத்துக்குத் தாண்டிப் போகிறதா என்று மோந்து மோந்து பார்த்தான். அதுதான் அவன் உத்தியோகம், நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அன்றைக்குக் காற்று எங்கள் பக்கமே அடித்ததால் குற்றம் எதுவும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, நான் போட்டுக் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போனான். கடைசியில் என் அண்ணன் ராவிரிதான் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துப் போய்ப் புதைத்தார்.

இப்படிப்பட்ட கவுன்சிலின் கையில்தான் என் மகள் வீடு திரும்புவது மாட்டிக்கொண்டது. அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் ஹேனி. எங்கள் மாவோரி குலத்துக்குப் பொதுவான மராயே மண்டபத்தில் சமையலறை என் பொறுப்பு. கல்யாணமோ சாவோ கூட்டமோ, வருகிறவர்களுக்குப் பன்றியும் உருளைக்கிழங்கும் வேகவைத்துப் போட்டுப் போட்டே என் கை காய்த்துவிட்டது. மண்டப முற்றத்தில் நின்று வருகிறவர்களை வரவேற்றுப் பேசுவது ராவிரி அண்ணன். அவர் பேச ஆரம்பித்தால் முன்னோர்கள் படகில் வந்த நாளிலிருந்து தொடங்குவார். நான் அடுப்பைக் குறைத்து வைத்துவிடுவேன்.

என் மகள் திரியா பதினான்கு வருஷமாக ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு பிள்ளைகள், இரண்டும் அங்கேயே பிறந்தவை. புருஷன் என்று ஒருவன் இருந்தான், இப்போது இல்லை, அவனைப் பற்றிப் பேச்சு வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் ஃபோனில், ஊருக்கே வந்துவிடலாம் போலிருக்கிறது என்றாள். நான் அதைக் கேட்டு ஆடிப்போய்விட்டேன், சந்தோஷத்தில்தான். மண்டபத்துக்குப் பின்னால் குலத்துக்குச் சொந்தமான நிலம் சும்மா கிடக்கிறது. அங்கே ஆறு சின்ன வீடுகள் கட்டுவது, வெளியூரில் கிடக்கிற எங்கள் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவருவது, முதல் வீடு திரியாவுக்கு என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். வரைபடம் வந்தது. மண்ணைச் சோதித்தார்கள். எல்லாம் தேறியது, தண்ணீர் ஒன்றைத் தவிர.

கூரையில் விழுகிற மழைத்தண்ணீர் கோடையில் காணாது. ஓடையிலிருந்து எடுக்கலாம் என்றால் கவுன்சில் அனுமதி வேண்டும். கேட்டோம். ஓடை நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. அதாவது, எடுக்க அனுமதி உள்ள தண்ணீரையெல்லாம் ஏற்கெனவே பிரித்துக் கொடுத்தாகிவிட்டதாம், மேலே இருக்கிற பால் பண்ணைகளுக்கும் பழத் தோட்டங்களுக்கும். கணுக்கால் நனையாத ஓடையைக் காட்டி நிரம்பிவிட்டது என்று சொல்ல எங்கள் கவுன்சிலால்தான் முடியும். அந்த ஓடையில் எங்கள் ஆட்கள் விலாங்கு பிடித்த காலத்தில் கவுன்சிலும் கிடையாது, காகிதமும் கிடையாது. அதைச் சொன்னால் ஜிலியன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்வாள். நன்றாகக் கேட்பாள், அதில் குறை சொல்ல முடியாது.

அப்புறம் மேலே ஒரு பால் பண்ணை மூடிக்கொண்டது. அவர்கள் பங்குத் தண்ணீர் விடுபட்டது. அதை யாருக்குக் கொடுப்பது? குடிக்கிறவனுக்கா, மரத்துக்கா, ஆதியிலிருந்து கரையில் இருக்கிறவனுக்கா, நேற்று வந்தவனுக்கா என்றெல்லாம் கவுன்சில் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு ஒரே விதிதான். முதலில் வந்தவருக்கே. முன்பு விண்ணப்பங்களை மின்னஞ்சலில் வாங்கியபோது இரண்டு கம்பெனிகள், யாருடையது முன்னால் வந்தது என்று நீதிமன்றம் வரை போய் மானத்தை வாங்கிவிட்டனவாம். அதனால் இந்தத் தடவை நேரில் வர வேண்டும். திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் உள்கூடத்தில் இருக்கிற இயந்திரத்தில் எண் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டு வரிசைப்படி வாங்கி முத்திரை குத்துவார்கள். ரொட்டிக் கடையில் வரிசை நிற்கிற மாதிரிதான் ஒரு ஓடையைக் கொடுக்கிறார்கள்.

சரி, முதலில் வருவதுதானே, அதையும் செய்வோம் என்று கிளம்பினோம். விடிவதற்கு முன்பே ராவிரி அண்ணனின் வண்டியில் ஆறு பேர் டவுனுக்குப் போய், கவுன்சில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். ஒரு ஈ காக்கை இல்லை. அண்ணன் சாவு வீட்டுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாங்கள்தான் முதல். திரியாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அவள் பதிலுக்கு வீட்டுச் சாமான் அட்டைப்பெட்டிகளின் படத்தை அனுப்பினாள்.

நன்றாக வெளிச்சம் வந்த பிறகு ஒருவன் வந்தான். க்ரேக் என்று பெயர், அவகாடோ கம்பெனியின் மேலாளர், வடக்கேயிருந்து ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. இதுதான் வரிசையா என்று கேட்டுவிட்டு எங்களுக்குப் பின்னால் ஒழுங்காகப் போய் நின்றான். அண்ணன் அவனுக்கு ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, எந்த ஊர், அப்பா அம்மா யார், எந்த மலைக்குக் கீழே பிறந்தாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவன் பாவம், ஆக்லாந்து நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் என்றான்.

கதவு திறந்தது. ஜிலியன் கழுத்தில் பச்சைக்கல் பதக்கம் தொங்க, மேலதிகாரியையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முக்கியமான எந்தக் காரியத்தையும் மாவோரி முறைப்படி வரவேற்போடுதான் தொடங்குவது என்று கவுன்சில் தீர்மானம் போட்டிருக்கிறதாம். அதற்கென்று சம்பளத்துக்கு ஒரு பெரியவரை வைத்திருக்கிறார்கள், அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். படம் எடுக்கிறவன் வந்துவிட்டான், பன் வாங்கியாகிவிட்டது, வரவேற்கத்தான் ஆள் இல்லை. ராவிரி கொஞ்சம் உதவ முடியுமா என்று கேட்டாள்.

எங்கள் அண்ணனிடம் போய் நாலு வார்த்தை பேச முடியுமா என்று கேட்கிறார்கள். அவர் கோட்டு பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

வரவேற்பு என்றால் வீட்டுக்காரர் பக்கம் ஒன்று, விருந்தாளி பக்கம் ஒன்று. வரவேற்றுப் பேசுகிறவர் வீட்டுக்காரர். ஆக நாங்கள் ஆறு பேரும் கவுன்சில் முன்கூடத்தில் வீட்டுக்காரர்களாக ஒரு பக்கம் போய் நின்றோம். யாருடைய வீடு என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. விருந்தாளி பக்கத்துக்கு இருந்தது க்ரேக் ஒருவன்தான். எங்களோடு வந்த ஒருத்தி குரல் எடுத்து அவனை அழைத்தாள். அவன் விண்ணப்பக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவன் போல நடந்து வந்தான். அண்ணன் பேசினார். முன்னோர்களின் படகு கரை சேர்ந்தது, மலை, ஓடை, அந்த ஓடையில் வாழ்கிற விலாங்கு எல்லாவற்றையும் பேர் சொல்லி, அவற்றின் சார்பில் அவனை வரவேற்றார். பாடினோம். அண்ணன் அவன் மூக்கோடு மூக்கு வைத்து மூச்சைப் பகிர்ந்துகொண்டார். ஃபிளாஷ் அடித்தது.

வரவேற்பு முடிந்தால் சாப்பாடு. பன்னைப் பெட்டியோடு வைத்திருந்தார்கள், வெண்ணெய் தடவ ஒரு ஆள் இல்லை. என் கால் என்னைக் கேட்காமலே சமையலறைக்குப் போய்விட்டது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, பன்னைக் கீறி, தட்டில் அடுக்கி வெளியே எடுத்துக்கொண்டு வந்தால், உள்கூடத்துக் கதவை அண்ணன் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. விருந்தாளி முதலில். அதுதானே முறை. க்ரேக் தயங்கியிருக்கிறான், இவர் முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பியிருக்கிறார். நான் தட்டோடு பார்த்தபோது அவன் கையில் ஒன்றாம் எண் சீட்டு இருந்தது. அண்ணன் கையில் இரண்டு.

க்ரேக்கின் கம்பெனி கேட்டது மொத்தத்தையும். ஒரு சொட்டு மிச்சமில்லை. ஜிலியன் படித்துப் பார்த்து, முத்திரை குத்தி, இரண்டு என்று கூப்பிட்டாள். அண்ணன் போய் எங்கள் காகிதத்தை வைத்தார்.

"ராவிரி, ரொம்ப வருத்தமா இருக்கு. ஓடை நிரம்பிடுச்சு."

"எப்ப நிரம்புச்சு?"

"இப்பதான். உங்களுக்கு முன்னாடி வந்தவரோட."

"அவர் எனக்கு முன்னாடி வரலையே. நான்தானே அவரை முன்னாடி விட்டேன்."

"அது உங்க பெருந்தன்மை. அதைக் கவுன்சில் மனசார மதிக்குது."

அண்ணன் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பன் தட்டை மேசையில் வைத்தேன். வைத்தேனா போட்டேனா என்று நினைவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

வீடு திரும்புகிற வழியெல்லாம் நான் அவரை நார் நாராகக் கிழித்தேன். விடியும் முன்னே எழுந்து போய் உட்கார்ந்தது எதற்கு, ஓடையைத் தாரை வார்த்துக் கொடுப்பதற்கா, கதவு பிடிப்பதற்கென்றே ஒரு பிறவியா என்று கேட்டேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"என்னைத்தானே வரவேற்கச் சொன்னாங்க ஹேனி. வான்னு கூப்பிட்டவன், வந்தவனைத் தள்ளிட்டு முன்னாடி போவானா? நீ போவியா?"

போகமாட்டேன். அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நானும் அந்த நேரத்தில் வெண்ணெய்தானே தடவிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை திரியாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் வாடகை வீட்டைக் காலி செய்வதாக ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள்.

"அப்ப வீட்டுக்காரன்கிட்ட இங்கேயே இருக்கேன்னு சொல்லிடவாம்மா?"

"ஏதாவது வழி பண்றேன்டி. கொஞ்சம் பொறு."

"எத்தனை வருஷம்மா பொறுக்கறது? சின்னது ரெண்டுக்கும் இதுதான் ஊர்னு ஆயிடும் போலிருக்கு."

க்ரேக் கம்பெனி வாங்கிய அனுமதிக்கு ஆயுள் முப்பத்தைந்து வருஷம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

பள்ளத்தாக்கு முழுக்கச் செய்தி பரவியது. பெட்ரோல் போடுகிற இடத்தில் பையன்கள் அண்ணனைப் பார்த்ததும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நீங்க முதல்ல மாமா என்றார்கள். அவரும் சிரித்துவைத்தார். மண்டபத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். கவுன்சிலின் ஆண்டறிக்கை வந்தது. அட்டையில் அண்ணனும் க்ரேக்கும் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கிற படம், கீழே நம் தண்ணீரைச் சேர்ந்தே காப்போம் என்று இரண்டு மொழியிலும் எழுதியிருந்தது. எங்களுக்கு மரியாதைக்காக ஒரு கட்டு அனுப்பியிருந்தார்கள். குளிருக்கு அடுப்புப் பற்றவைக்க நல்ல காகிதம், மினுமினுப்பாக இருந்தாலும் எரிந்தது. காற்றுப் பிரிவு மோந்து பார்க்க வரவில்லை.

அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு க்ரேக்கும் வந்தான், ஒரு கூடை அவகாடோவோடு. அண்ணன் மேல் அவனுக்கு ஒரு பிரியம் வந்திருந்தது. நான் வாசலிலேயே நிறுத்தி, எங்கள் தண்ணீரை வாங்கிக்கொண்டு எங்களுக்கே பழம் கொண்டு வந்திருக்கிறாயே, உனக்கு எவ்வளவு நல்ல மனசு என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் புரியவைத்தேன். அவன் முகம் கூம்பிவிட்டது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பெரியவர் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆறு வீட்டுக் கதையோ திரியா கதையோ யாரும் சொல்லவில்லை. உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று அண்ணன் கூப்பிட்டார். நானும்தான் பரிமாறினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

உண்ட சோறு அவனை உறுத்தியிருக்க வேண்டும். தோட்டத்துக்குத் தேவையானதைவிட இரண்டு மடங்கு கேட்பது கம்பெனிகளின் பழக்கம், பாதி கிடைத்தால் போதும் என்று. இங்கே முழுசும் கிடைத்துவிட்டது. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முதலாளிகளை எப்படியோ சம்மதிக்கவைத்தான். மண்டபத்து வீடுகளுக்கு என்று எழுதியே கொடுத்தான்.

கவுன்சில் வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டு எங்களுக்குக் கொடுக்கவில்லை. திரும்பி வந்த தண்ணீர் ஓடைக்குச் சொந்தம், ஓடைத் தண்ணீர் முதலில் வந்தவருக்கு. மறுபடி ஒரு திங்கட்கிழமை, மறுபடி சீட்டு. இதை ஜிலியன் என்னிடம் சொன்னபோது அவள் குரலும் கொஞ்சம் உள்ளே போய்த்தான் இருந்தது. இந்தத் தடவை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, பாட்டிலில் தண்ணீர் அடைத்து விற்கிறவர்கள், விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதையும் சொன்னாள்.

அன்றைக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். வரிசையில் முதலில் நின்று பிரயோசனமில்லை, அதைப் பார்த்தாயிற்று. இந்தக் கவுன்சில் கட்டடத்துக்குள் முதலில் போகிறவர் விருந்தாளி. அப்படியென்றால் எங்களுக்கு வேண்டியது ஒரு விருந்தாளி. கையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். திரியாவையும் பிள்ளைகளையும் வரவழைப்போம், அவர்கள் விருந்தாளி பக்கம் நிற்கட்டும், நீ வரவேற்று உள்ளே அனுப்பு என்றேன்.

"நம்ம வீட்டுப் பொண்ணை விருந்தாளின்னு கூப்பிடச் சொல்றியா? தண்ணிக்காகவா?"

"பிள்ளைங்க ரெண்டும் இந்த மண்ணுல கால் வச்சதே இல்ல அண்ணே. முதல் தடவை வர்றவங்க, சொந்தமா இருந்தாலும் விருந்தாளிதானே. அதை நீதானே எல்லாருக்கும் சொல்லுவ."

திரியா தன் அப்பன் செத்ததிலிருந்து வரவில்லையே என்றார் அண்ணன். எனக்கு அது மறந்து போகவில்லை. என் புருஷன் போனபோது நோய்க்கு பயந்து எல்லைகளையெல்லாம் மூடி வைத்திருந்த காலம், திரியாவால் வர முடியவில்லை. அப்படிச் சாவுக்கு வராதவர்கள் முதன்முதலில் வரும்போது, எத்தனை வருஷம் கழித்து வந்தாலும், அந்த அழுகையை அழுது தீர்த்த பிறகுதான் மற்றது. அதை எங்கள் மண்டபத்தில் வைத்துச் செய்ய வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் மண்டபத்தில் எண் சீட்டு இயந்திரம் இல்லையே.

கடைசியில் அண்ணன் தலையாட்டினார். நான் ஜிலியனைக் கூப்பிட்டு, இந்தத் தடவையும் வரவேற்பு உண்டா என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். உண்டு, உண்டு, போன தடவை எடுத்த படத்தைத் தலைநகரத்தில் எல்லோரும் பாராட்டினார்கள் என்றாள். சம்பளத்துக்கு இருக்கிற அந்தப் பெரியவருக்கு மறுபடி காய்ச்சல் வந்தது, வரவேற்க மறுபடி அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். நான் கொடுத்தனுப்பிய புகைபோட்ட விலாங்குக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்கக் கூடாது.

திங்கட்கிழமை நாங்கள் அவசரப்படவில்லை. நிதானமாகக் கஞ்சி குடித்து, தலை வாரிக்கொண்டு போனோம். கவுன்சில் வாசலில் ஒரு கூடாரம். பாட்டில் கம்பெனிக்காரர்கள் ஒருவனைக் கூலிக்குப் பிடித்து, முந்தின நாளிலிருந்தே அங்கே படுக்கவைத்திருந்தார்கள். காலையில் கோட்டு போட்ட மூன்று பேர் வந்து அவனை எழுப்பி அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நின்றுகொண்டார்கள். அதில் ஒருவர் வக்கீல். எங்களைப் பார்த்துக் குனிந்து வணக்கம் சொன்னார்கள், ஜெயித்தவர்களுக்கு எப்போதுமே மரியாதை நன்றாக வரும்.

திரியா விமான நிலையத்திலிருந்து நேராக அங்கே வந்து இறங்கினாள். எங்களைப் பார்க்க வரக் கூடாது, விருந்தாளி பக்கம் போய் நிற்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். அப்படியே செய்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றாள், இளையவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூத்தவளைக் கையில் பிடித்துக்கொண்டு. இளைத்திருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள முடியாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம், சத்தியமாகச் சொல்கிறேன், பதினான்கு வருஷத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஜிலியன் கையில் கவுன்சிலின் மரபுக் கையேடு. விருந்தாளிகள் எல்லோரும் ஒரே கூட்டமாக வர வேண்டும், பெண்களும் குழந்தைகளும் முன்னால், ஆண்கள் பின்னால் என்று அவளே படித்து வரிசைப்படுத்தினாள். வக்கீல் நெளிந்தார்.

"நாங்க நேத்திலேருந்து இங்க இருக்கோம், மேடம்."

"தெரியும் சார். ஆனா இது மரபு. கையேட்டுல இருக்கு."

அவர் படம் எடுக்கிறவனைப் பார்த்தார், கையேட்டைப் பார்த்தார், பின்னால் போய் நின்றார்.

இந்தத் தடவை அழைக்க வேண்டியவள் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். தூரத்திலிருந்து வந்திருக்கிற விருந்தாளிகளே வாருங்கள், உங்கள் இறந்தவர்களையும் உங்களோடு அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று அழைப்பதுதான் வழக்கம். ஆயிரம் தடவை அழைத்திருக்கிறேன். உங்கள் இறந்தவர்கள் என்ற இடம் வந்ததும் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அவளுடைய இறந்தவர் யார், என்னுடைய இறந்தவர் யார்? இருவருக்கும் ஒரே ஆள்தானே. திரியா நடந்து வந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். அப்புறம் அவளிடமிருந்து ஒரு அழுகை வந்தது பாருங்கள், நான்கு வருஷமாக வேற்று ஊரில் அடக்கி வைத்திருந்தது. எங்கள் பக்கப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செத்துப்போன தன் மச்சானைப் பார்த்து, எழுந்து வா, உன் பெண் வந்துவிட்டாள் என்று பேச ஆரம்பித்தார். தண்ணீருக்காகப் போட்ட நாடகம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு வந்தது. அது எங்கள் கையை மீறிப் போய்விட்டது.

எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியாது. கவுன்சில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காற்று, தண்ணீர், நிலம் மூன்று பிரிவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது, இது எந்தப் பிரிவில் வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். ஜிலியன் கையேட்டில் பக்கம் பக்கமாகப் புரட்டினாள், அழுகையை எப்போது நிறுத்தலாம் என்று அதில் போடவில்லை போலிருக்கிறது. கடைசியில் நாங்களாகத்தான் ஓய்ந்தோம். மூக்கோடு மூக்கு வைத்தோம். என் பேத்தியின் மூக்கு சில்லென்றிருந்தது.

அண்ணன் போய் உள்கூடத்துக் கதவைத் திறந்து பிடித்தார். திரியா, பிள்ளைகள், அதற்குப் பின்னால் கோட்டுக்காரர்கள். ஒன்றாம் எண் திரியாவின் கையில் வந்தது. எங்கள் காகிதம் அவள் பையில் இருந்தது. ஜிலியன் வாங்கிப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முட்டாள் இல்லை அவள், எந்த நாளும் நான் அப்படிச் சொன்னதில்லை. முத்திரையை எடுத்துக் குத்தினாள், அழுத்தியே குத்தினாள். ஆறு வீட்டுக்குப் போக ஒரு குடம் தண்ணீர் மிஞ்சியிருக்கலாம், கோட்டுக்காரர்கள் அதைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகட்டும்.

நான் பன் வேலையைப் பார்க்கச் சமையலறைக்குப் போனேன். ஜிலியன் பின்னாலேயே வந்தாள், கண் சிவந்து போய்.

"இப்படி ஒரு வரவேற்பை நான் பார்த்ததே இல்ல ஹேனி. அடுத்த தடவையும் இதே மாதிரி பண்ண முடியுமா?"

"என் புருஷன் ஒரு தடவைதான் சாவான், ஜிலியன்."

அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். பாவம், தப்பாகக் கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரியா வந்தாள். பிள்ளைகளை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். விருந்தாளி பாத்திரம் தொடக் கூடாது, வெளியே போய் உட்கார்ந்து டீயைக் குடி என்றேன். அவள் என் தோளிலிருந்து துண்டை உருவினாள்.

"முத்திரை குத்தியாச்சும்மா. இனிமே நான் விருந்தாளி இல்ல."

"பெத்தவ நான் இருக்கேன். நீ விருந்தாளி இல்லன்னு கவுன்சிலா சொல்லணும்?"

"சொல்ல வேண்டியிருந்துச்சே" என்றாள்.

ஒரு தட்டைக் கழுவி அவளிடம் நீட்டினேன்.